மந்திக்குத் துணை கேட்டு எழுதிய கடிதம்

நான் மருத்துவராக இருக்கும் உயிரியல் பூங்காவிலிருந்து பெண் மந்தி, அதாவது லங்கூர் குரங்கு, தப்பிப் போன கதையைப் பலரிடம் சொல்லியாகிவிட்டது. திறந்தவெளி அடைப்பில் விட்ட முதல் நாளே, அகழிப் பக்கம் சாய்ந்திருந்த கிளையைப் பிடித்து வெளியே போய்விட்டாள். அதில் எனக்குக் குழப்பம் ஒன்றுமில்லை. உள்ளே நின்றுவிட்ட ஆணுக்காக நான் எழுதிய கடிதமும், அதைப் படித்துவிட்டு அண்ணன் கேட்டதும்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அண்ணன் என்றால் எங்கள் மூத்த காப்பாளர். குரங்குப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெறப் போகிறவர். இன்னொரு பூங்காவிலிருந்து ஒரு பெண் மந்தியை அனுப்பச் சொல்லி எழுதிய கடிதத்தை அவரிடம்தான் முதலில் காட்டினேன்.

"இவனுக்குத் துணை வேணும்னு எழுதியிருக்கீங்க, சரி. அங்க ஒரு கூட்டத்துல இருந்து ஒண்ணைப் பிரிச்சு அனுப்புவாங்க. அதுக்கு யாரு துணை, டாக்டர்?"

"இங்க வந்தா இவன் இருக்கான்ல, அண்ணே."

"போனவளுக்கும் இவன் இருந்தானே."

அவ்வளவுதான் பேச்சு. அவர் தீவனம் வைக்கப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கும் பதில் வரவில்லை, இன்றைக்கும் முழுதாக வரவில்லை.

சாம்பல் மந்திகளில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருப்பார்கள். அம்மா, அக்கா, சித்தி, அவர்கள் பிள்ளைகள், இதுதான் ஒரு பெண் மந்தியின் உலகம். வளர்ந்ததும் வெளியேறுவது ஆண்கள்தான். சிலர் தனியாகத் திரிவார்கள், சிலர் ஆண்கள் மட்டுமே இருக்கும் கூட்டத்தில் சேர்வார்கள். நாங்களோ ஒரு கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை எடுத்து, ஒரு ஆணோடு சேர்த்து, பதிவேட்டில் 'ஒரு ஜோடி' என்று எழுதினோம். அப்படிப் பார்த்தால் துணையில்லாமல் இருந்தது அவள்தான், அவன் பக்கத்தில் இருந்தபோதே.

இதை எழுதும்போது சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நான் பார்த்த ஒரு மாலை இதோடு ஒத்துப்போகவில்லை. அவள் தங்கியிருந்த மரத்தடியில் அவனைக் கூண்டோடு கொண்டுபோய் வைத்தோம். பக்கத்திலேயே பொறிக்கூண்டு, உள்ளே வாழைப்பழமும் ஆலங்கொழுந்தும். மயக்க ஊசி போடலாம் என்றால், மருந்து பிடிக்கச் சில நிமிடம் ஆகும். அதற்குள் அவள் இன்னும் மேலே ஏறி அங்கிருந்து விழுந்தால் பிழைக்க மாட்டாள். அதனால் காத்திருந்தோம். அவள் இறங்கி வந்தாள். அவனுடைய கூண்டின் மேல் உட்கார்ந்து முதுகைக் கம்பியில் சாய்த்துக் கொடுத்தாள். அவன் விரல்களை நீட்டி, இருட்டும்வரை பேன் பார்த்தான். பொறிக்கூண்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் மரமேறிப் போய்விட்டாள்.

அவனைத் தேடித்தான் வந்தாள் என்று நான் நினைத்தேன். தொட்டுக்கொள்ள யாராவது வேண்டும், அதற்காக வந்தாள் என்றார் அண்ணன். இரண்டில் எது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

திருவனந்தபுரம் பூங்காவில் 2023 ஜூனில் இதே மாதிரி நடந்தது. திருப்பதியிலிருந்து ஜோடியாக வந்த மந்திகளில் பெண், அடைப்பில் திறந்துவிட்டபோது தப்பி, வாரக்கணக்கில் நகரத்து மரங்களில் திரிந்தது. ஜூலையில் ஜெர்மன் கலாச்சார மையத்தின் கழிவறையில் வைத்துத்தான் பிடித்தார்கள். 1965-இல் லண்டன் பூங்காவிலிருந்து பறந்துபோன பொன்னிறக் கழுகுக்கும் அங்கே ஓர் இணை இருந்தது. அது பிடிபட்டது முயல் இறைச்சிக்காக இறங்கி வந்தபோது. ஜோடி என்று நாம் நினைக்கும் கயிறு எவ்வளவு பலமானது என்று இதையெல்லாம் படிக்கும்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கடிதம் எழுதியதற்கு என்னிடம் காரணம் இருந்தது. ஆண் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். மந்திக்கு இது சின்ன விஷயம் இல்லை. இலையை அவை வயிற்றின் முன்பகுதியில் நுண்ணுயிர்களை வைத்து நொதிக்க வைத்துத்தான் செரிக்கின்றன. தீனி நின்றால் அந்த நுண்ணுயிர்களும் சாகும், உடம்பு வேகமாகச் சரியும். விதி என்றும் ஒன்று உண்டு. தகுந்த காரணமில்லாமல் ஓராண்டுக்கு மேல் எந்த விலங்கையும் இணையில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டு உயிரியல் பூங்கா அங்கீகார விதிகளிலேயே இருந்தது. மருத்துவராக நான் வேறு எதை எழுத முடியும்?

அதே சமயம், அண்ணனின் தீவனப் பதிவேட்டையும் மறைக்க முடியாது. கடிதத்துக்குப் பதில் வருவதற்கு முன்பே அவன் அகத்திக்கீரையைத் தொட ஆரம்பித்துவிட்டான். அப்புறம் கொண்டைக்கடலை. எடை மெல்ல ஏறியது. அதைப் பார்த்த பிறகும் நான் வேண்டுகோளைத் திரும்பப் பெறவில்லை. இன்று மறுபடி அதே நிலை வந்தாலும் திரும்பப் பெற மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சாப்பிடுகிறான் என்பதால் தனிமை போதும் என்று ஆகிவிடாது.

புதியவள் வந்தாள். தனிமைக் கண்காணிப்பில் இருந்த நாட்களில் இரவெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அனுப்பிய பூங்காவின் மருத்துவரிடம் போனில் பேசினேன். "ரெண்டு நாள் தேடினாங்க மேடம், இப்ப நல்லா இருக்காங்க" என்றார். நானும் இவனைப் பற்றி அப்படியே சொல்லியிருக்க முடியும்.

அடுத்தடுத்த கூண்டில் வைத்துப் பழக்கி, பிறகு சேர்த்துவிட்டோம். நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவள் மடியில் தலை வைத்து அவன் தூங்குவதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. வெளியே போனவளை ஒரு நாட்டுக்குரங்குக் கூட்டத்தின் பக்கத்தில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் சேர்த்துக்கொண்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன், புதியவளின் தங்கையையும் அனுப்ப முடியுமா என்று. கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்தால், இவளாவது கிளை தேட மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. அனுப்பினால் அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒருத்தி குறைவாள். அண்ணன் சொல்வதற்கு முன்பே அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்துவிட்டேன். போட்டுப் பார்த்த பிறகுதான் கடிதத்தை அனுப்பினேன்.