கண் திறக்காத முகங்கள்

2020 ஜூன் மாதம் கோடம்பாக்கத்தில் என் வீட்டுப் படுக்கையறையில் ஒரு பேய்ப்படம் எடுத்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு முகம் மாறிவிடுகிறது. அப்போதே ஒரு நண்பர் போனில் கேட்டார், "ஊரே செத்துக்கிட்டு இருக்கு, உனக்குப் பேய்ப்படம் கேக்குதா?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சீரியல்களுக்கு சவுண்ட் எடிட்டிங் செய்வது என் தொழில். மார்ச் 19 முதல் படப்பிடிப்பு கிடையாது என்று சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சி அறிவித்தது, அதற்கு அடுத்த வாரம் ஊரடங்கு, எனக்கு வேலை சுத்தமாக நின்றுபோனது. ஒரு கல்யாணத்துக்காக வேலூரிலிருந்து வந்திருந்த என் தாய்மாமா திரும்பிப் போக வழியில்லாமல் எங்களோடு மாட்டிக்கொண்டார். மாமா ஒரு காலத்தில் மவுண்ட் ரோடு சினிமா பேனர்கள் வரைந்தவர். போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு, இருபது அடி முகத்தைக் கையால் கொண்டுவருகிற ஆள். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழிலே போய்விட்டது. அதற்கப்புறம் கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர் என்று கிடைத்ததை எழுதிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் அந்த டாக்டர் செய்தி வந்தது. கோவிட்டில் இறந்த ஒரு டாக்டரை அடக்கம் செய்யவிடாமல் இதே சென்னையில் கூட்டம் கூடி ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தார்கள், கடைசியில் கூட இருந்த இன்னொரு டாக்டரே ராத்திரியில் மண்வெட்டி எடுத்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே ஆரம்பித்தார். "ஏன்டா, ஒரு பேனர் பெயின்டர் இருக்கான்னு வெச்சுக்க. செத்தவங்க முகத்தை வீட்டுல யாரும் பாக்கலை. ஸ்டூடியோவும் மூடிக் கெடக்கு. எல்லாரும் அவன்கிட்ட வந்து எங்க அப்பாவை வரைஞ்சு குடு, எங்க அம்மாவை வரைஞ்சு குடுன்னு கேக்கறாங்க. அவன் வரையறான். ஆனா கண்ணை மட்டும் திறக்காம வெக்கறான். காசு குடுத்துட்டு வாங்கிட்டுப் போற அன்னிக்குத்தான் கண் திறப்பான். ஒருநாள் காலையில எழுந்து பாத்தா, யாருமே கேக்காத ஒரு முகம், கண்ணு தொறந்து இருக்கு."

முகத்தில் கண்ணைக் கடைசியில் திறப்பது, அதாவது மற்றதெல்லாம் முடிந்தபின் கண்ணை வரைவது, மாமாவின் குரு சொல்லிக்கொடுத்த பழக்கம். சிலை செய்கிறவர்களிடமும் அது உண்டு. கதை எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

எடுக்க முடியுமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது ஒரு ராத்திரி நாஸ்ஃபெராட்டு போட்டுக் காட்டினேன். 1922-இல் ஜெர்மனியில் எடுத்த மௌனப்படம், பேயோடு சேர்ந்து எலியும் கொள்ளைநோயும் ஊருக்குள் வருகிற கதை. வெறிச்சோடிய தெருவில் சவப்பெட்டிகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி வந்ததும் மாமா எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். எங்கள் தெருமுனையில் தொற்றுக்காக மாநகராட்சி தகரம் அடித்து அடைத்திருந்தது. அந்தப் படத்தை ஒரே ஒரு கேமராவை வைத்து எடுத்தார்கள் என்று சொன்னேன். "நம்மகிட்டயும் ஒரு போன் இருக்கே" என்றார்.

அவ்வளவுதான் எங்கள் யூனிட். மாமா நடிப்பார், நான் போனைப் பிடிப்பேன், என் மனைவி எமர்ஜென்சி லைட்டைத் தெர்மகோலில் அடித்து வெளிச்சம் கொடுப்பாள். துணிக்கு மாமாவின் பழைய வேட்டிகள். பெயின்ட் கடை மூடியிருந்ததால் பரணில் கிடந்த பழைய டப்பாக்களைக் கிளறிக் கரைத்தோம். கண் திறக்கிற காட்சிக்கு கிராபிக்ஸ் எதுவும் கிடையாது. போனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து ஒரு ஷாட், மாமா கண்ணை வரைந்தபின் அதே இடத்திலிருந்து இன்னொரு ஷாட், இரண்டையும் வெட்டி ஒட்டினால் போதும். சும்மா சொல்லவில்லை, முதல் தடவை அதை ஓட்டிப் பார்த்தபோது என் மனைவி லைட்டை அணைக்க விடவில்லை.

ஆனால் அந்தப் படத்தை உண்மையில் படமாக ஆக்கியது சத்தம்தான், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் விடிவதற்கு முன்னால் ஆரம்பித்து நள்ளிரவு வரை ஓடும், இந்தப் பக்கம் ஆற்காடு ரோடு, இங்கே உட்கார்ந்து ஒரு வசனத்தைச் சுத்தமாகப் பதிவு செய்யலாம் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. 2020-இல் அது எல்லாம் நின்றது. ரூம் டோன் என்று ஒன்று எடுப்போம், ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்து அறையின் வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்வது. அதை ஹெட்போனில் கேட்டால் ஃபிரிட்ஜ், பல்லி, எதிர் வீட்டு டிவியில் தொற்றுக் கணக்கை ராயபுரம் எத்தனை கோடம்பாக்கம் எத்தனை என்று வாசிக்கிற குரல், அப்புறம் எங்கிருந்தோ ஒரு இருமல். அந்த இருமலில் மூன்று பேரும் உறைந்து போனோம். அந்த வருஷம் ஒரு இருமலுக்கு அவ்வளவு பலம் இருந்தது. இசை போடலாம் என்று வைத்திருந்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். படத்தில் ஒரு இடத்தில் யாரோ இருமுவார்கள், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் சைரன் மட்டும் எத்தனை டேக்கில் விழுந்ததோ அத்தனையிலிருந்தும் எடுத்துவிட்டேன். அது எங்களுடைய சத்தம் இல்லை, யாரோ ஒருவருடைய வீட்டுச் சத்தம்.

ஜூன் 19-ஆம் தேதி மறுபடியும் முழு ஊரடங்கு. அந்த வாரத்தில்தான் எதிர் வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மகன் மட்டும் சுடுகாட்டுக்குப் போய் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார், பார்த்தது பிளாஸ்டிக் சுற்றிய ஒரு பொட்டலத்தைத்தான். நான்கு நாள் கழித்து பெரியவருடைய மகள் பால்கனியிலிருந்து கூப்பிட்டார். "அண்ணா, பதினாறாம் நாளுக்கு அப்பா படம் ஒண்ணுகூட இல்லண்ணா. ஸ்டூடியோ எதுவும் தெறக்கலை. உங்க மாமா வரைவாருன்னு அண்ணி சொன்னாங்க."

வாட்ஸ்அப்பில் வந்தது ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்த படம், பாதி முகத்தை ஒரு வாழை இலை மறைத்திருந்தது. மாமா அதில் கட்டம் போட்டார். மறைந்த பாதியை, தினமும் எதிர் ஜன்னலில் பார்த்த ஞாபகத்திலிருந்து வரைந்தார். மூன்று நாள் வேறு எதுவும் செய்யவில்லை, படப்பிடிப்பும் இல்லை. கண் திறக்கிற அன்று அந்தப் பெண் முகக்கவசம் போட்டுக்கொண்டு எங்கள் வாசற்படிக்கு வெளியே நின்றார். மாமா கைகழுவி, சாமி கும்பிட்டு, முதலில் இடது கண், பிறகு வலது கண். அந்தப் பெண் "அப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

எனக்கு நண்பருடைய கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்தது. நாங்கள் பயமுறுத்துவதற்காக எழுதிய கதை எதிர் வீட்டில் ஒருவருக்கு அப்படியே தேவைப்பட்டது. முகத்தைப் பார்க்காமல் அனுப்பிவைத்த அந்த மாதங்களில், இறந்தவர் முகம் திரும்பி வருமா என்கிற ஏக்கமும் வந்துவிடுமோ என்கிற பயமும் எல்லோருக்குள்ளும் இருந்தது, அதைப் பேச எனக்குத் தெரிந்த வழி பேய்ப்படம்தான். மாமாவுக்குத் தெரிந்த வழி துணியும் பிரஷும். யார் என்ன சொன்னாலும் நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரிதான் கவனித்தேன், படத்துக்காக மேசை மேல் வைத்த ரெக்கார்டரை நான் அணைக்கவே இல்லை. கண் திறந்த அந்த நான்கு நிமிடமும் அதில் பதிவாகியிருந்தது. காய்ந்த வேட்டியில் பிரஷ் உரசுகிற சத்தம், வெளியே ஒரு காகம், அப்புறம் அந்தப் பெண்ணின் குரல். எனக்குக் கை நடுங்கியது. அவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, அழித்துவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் பேசினதை எடுத்துடுங்கண்ணா. பிரஷ் சத்தம் இருக்கட்டும்" என்றார்.

செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட ஆரம்பித்ததும் மாமா வேலூருக்குப் போனார், நான் எடிட்டிங்கை முடித்தேன். 22 நிமிடப் படம். கடைசிக் காட்சியில் திரை இருட்டாக இருக்கும்போது கேட்பது அந்தப் பிரஷ்தான்.