காரின் கிரில்லில் ஒரு பித்தளை அன்னம்: மூன்று முறை மாட்டிய அனுபவம்

எங்கள் பாட்டி வீட்டு நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தண்டில் விரிசல் கண்டு பரணுக்குப் போய் நெடுநாள் ஆகிறது. பாதம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியே வார்த்து, மரையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிச் சேர்ப்பதுதான் அந்த ஊர் விளக்கின் அமைப்பு. அதனால் தண்டு பழுதானாலும் அன்னம் மட்டும் தனியே கழன்று, பூஜை அலமாரியின் ஒரு மூலையில் பளபளப்பு மங்காமல் உட்கார்ந்திருந்தது. சித்திரை மாதம் கும்பகோணத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த அன்னத்தைக் காரின் முன்பக்கக் கிரில்லில் பொருத்தினால் என்ன என்று தோன்றியது. ஐந்து மாதமும் மூன்று முயற்சிகளும் இதற்கு வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

அம்மா முதலிலேயே மறுத்துவிட்டார். விளக்கின் மேல் இருந்த பொருளில் சாலைச் சேறும் செத்த பூச்சியும் படியக் கூடாது என்பது அவர் கட்சி. அதில் எனக்கும் உடன்பாடுதான். தவிர, முழு உருவமான அன்னம் கிரில்லிலிருந்து ஏழு சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அலகு வேறு கூர்மை. கார்களின் முன்னால் இரும்புக் குழாய்த் தடுப்பு பொருத்துவதற்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியதற்குப் பாதசாரிகளின் பாதுகாப்பும் ஒரு காரணம். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 26ஆம் வாகன ஒழுங்குவிதியும் இதைப் பற்றிப் பேசுகிறது. அலங்காரப் பொருள் 10 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், ஏறத்தாழ பத்துக் கிலோ விசை பட்டதும் அது மடங்கவோ கழன்று விழவோ வேண்டும் என்கிறது அந்த விதி. விழாமல் நிற்க வேண்டும் என்பதே என் நோக்கமாதலால், 10 மில்லிமீட்டருக்குள் அடங்கும் புடைப்பு உருவமாகச் செய்துகொள்வதே ஒரே வழி என்று முடிவு செய்தேன்.

நாச்சியார்கோவில் கும்பகோணத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். அங்கே எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான, விளக்கு வார்க்கும் பத்தர் ஒருவரிடம் அன்னத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, விளக்குல நிக்க வேண்டிய பறவைய ரோட்டுல ஓட விடப் போறியா?" என்று சிரித்தார். சிரித்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. அன்னத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து, பின்புறத்தைக் குழிவாக விட்டு வார்த்துத் தந்தார். உயரம் 90 மில்லிமீட்டர், அதிகபட்ச கனம் 8 மில்லிமீட்டர், எடை 150 கிராம். விளிம்புகளையும் அலகின் நுனியையும் விரல் வைத்தால் உறுத்தாத அளவுக்கு அரத்தால் மழுக்கிக் கொடுத்தார். கோபுரச் சின்னம் வைக்கலாமே, சிங்கத் தலை வைக்கலாமே என்று யோசனை சொன்ன உறவினர்களும் உண்டு. அரசுச் சின்னங்களைத் தனியார் வாகனத்தில் வைக்கக் கூடாது. இந்திய அரசின் சின்னத்துக்கென 2005ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அன்னத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

கிரில்லின் அளவைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எங்களுடையது பத்து ஆண்டு பழைய சிறிய கார். கிரில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனது, மேலே குரோம் பூச்சு. கிடைமட்டமான குறுக்குப் பட்டைகள் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் ஆழம். இரண்டு பட்டைகளுக்கு நடுவே 30 மில்லிமீட்டர் இடைவெளி. ஆகவே 90 மில்லிமீட்டர் உயரமுள்ள அன்னம் இரண்டு பட்டைகளின் மேல்தான் உட்காரும். பட்டைகளுக்குப் பின்னால் ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், அதற்கும் பின்னால் ரேடியேட்டர். பட்டையின் பின்பக்கத்துக்கும் கண்டென்சருக்கும் உள்ள தூரத்தை ஒரு ஈர்க்குச்சியை விட்டு அளந்தேன். 42 மில்லிமீட்டர் இருந்தது. கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் நகம் பட்டாலே மடங்குபவை என்பதால் இந்த அளவை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன். புதிய கார்களில் முன்சின்னத்துக்குப் பின்னால் ரேடார் உணரி இருப்பதும் உண்டு. அத்தகைய காரில் உலோகத்தைக் கொண்டுபோய் அதன் எதிரே வைக்கக் கூடாது.

முதல் முயற்சி டபுள் சைடு டேப். நுரை போன்ற அக்ரிலிக் டேப், நல்ல ரகம்தான். ஒரு கிலோ எடைக்கு 55 சதுர சென்டிமீட்டர் டேப் வேண்டும் என்பது இவ்வகை டேப்புக்குச் சொல்லப்படும் கணக்கு. 150 கிராமுக்கு எட்டுச் சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அன்னம் ஒவ்வொரு பட்டையிலும் 50 மில்லிமீட்டர் நீளத்துக்குப் படிகிறது. இரண்டுக்கும் சேர்த்து எட்டுச் சதுர சென்டிமீட்டர். சரியாகத்தானே இருக்கிறது என்று ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டி, முழுப் பிடிப்பு வர எழுபத்திரண்டு மணி நேரம் காரை எடுக்காமலும் இருந்தேன். ஒன்பதாம் நாள் பெட்ரோல் பங்கில் ஒரு தம்பி, "அக்கா, உங்க வாத்து தொங்குது" என்றார். வாத்து என்றதைத்தான் முதலில் திருத்தினேன். குனிந்து பார்த்தபோது மேல் பட்டையிலிருந்து முழுவதும் பிரிந்து, கீழ்ப் பட்டையில் ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. பட்டையின் முகப்பு தட்டையானதல்ல, மெல்ல வளைந்தது. வார்ப்பின் பின்புறமும் கண்ணாடி போல் சமமானதல்ல. டேப்பில் அழுந்தியிருந்த தடத்தை அளந்தால் உண்மையில் ஒட்டியது பாதிகூட இல்லை. அத்துடன் வெயில். ஒரே சூட்டில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பித்தளையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விரியும். காலையும் மதியமும் 40 டிகிரி வேறுபாட்டில் 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு அந்த வித்தியாசம் 0.15 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் தினமும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டால், அரைகுறையாகப் பிடித்த பசை எத்தனை நாள் தாங்கும்? தட்டையான பிளாஸ்டிக் சின்னத்தைச் சமமான டிக்கிக் கதவில் ஒட்டுவதற்கு டேப்பைக் குறை சொல்ல முடியாது. வார்ப்புப் பித்தளைக்கு அது மட்டும் போதாது.

இரண்டாம் முயற்சியை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அன்னத்தின் கழுத்திலும் வாலருகிலும் கறுப்பு கேபிள் டை போட்டு இறுக்கினேன். பார்க்க விகாரமாக இருந்ததோடு, வேகத்தடை ஒவ்வொன்றிலும் கடகடவென்று ஒலித்தது. பத்து நாளில் பட்டையின் குரோமில் பிறை வடிவில் ஒரு தேய்மானம் விழுந்தது. அது இன்றும் இருக்கிறது, அன்னம் மறைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த நாட்களில் உருப்படியாக ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் உளுந்துச் செடியையும் எள்ளுச் செடியையும் பரப்பி, போகிற வண்டிகளை ஏற்றியே அடித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு சாலையைக் கடந்து வந்தபோது, அன்னத்துக்கும் பட்டைக்கும் நடுவே மூன்று துரும்புகள் செருகியிருந்தன. துரும்பு நுழைகிற இடத்தில் இடைவெளி இருக்கிறது. இடைவெளி இருந்தால் அதிர்வு இருக்கும். லேத் பட்டறையில் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளி பார்க்கும் வேலையை எள்ளுச் செடி எனக்குச் செலவில்லாமல் செய்து கொடுத்தது. ஆகவே பசையையும் கேபிள் டையையும் நம்பாமல், முன்னால் அன்னம், பின்னால் ஒரு தகடு, நடுவே பட்டைகள் என்று இடைவெளியில்லாமல் கவ்விப் பிடிக்கும் முறைக்குப் போனேன். கிரில்லில் ஒரு துளைகூடப் போடுவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட நிபந்தனை. துளையிட்ட ஏபிஎஸ் அந்த இடத்திலிருந்தே விரிசல் விடக்கூடும். நாளைக்குக் காரை விற்கவும் வேண்டும் அல்லவா.

மீண்டும் நாச்சியார்கோவில். விளக்கு எப்படித் திருகிச் சேர்கிறதோ அப்படியே இதையும் செய்துவிடலாம் என்று பத்தர்தான் சொன்னார். அன்னத்தின் பின்குழிவில் இரண்டு குமிழ்களைப் பற்றவைத்து, 3.3 மில்லிமீட்டர் துளையிட்டு, நான்கு மில்லிமீட்டர் போல்ட்டுக்கான மரையை 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துக் கொடுத்தார். அவற்றில் துருப்பிடிக்காத எஃகு மரைக்கம்பிகளைத் திருகினேன். குமிழ்கள் இரண்டும் நடு இடைவெளிக்குள்தான் வருகின்றன. ஒன்று மேல் பட்டையின் அடியை ஒட்டியும் மற்றொன்று கீழ்ப் பட்டையின் மேல்விளிம்பை ஒட்டியும் இருப்பதால், அன்னம் சுழலவும் முடியாது, மேலும் கீழும் நழுவவும் முடியாது. கம்பி பட்டையில் உரசாமலிருக்கச் சைக்கிள் கடையில் வால்வு டியூப் எனும் மெல்லிய ரப்பர்க் குழாயை வாங்கி உறை போல மாட்டினேன்.

கம்பியின் நீளத்தைக் கணக்கிடும்போது கண்டென்சர்தான் கண்ணில் நின்றது. அன்னத்துக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் முன் ரப்பர் 2, பட்டையின் ஆழம் 15, பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே பின் ரப்பர் 2, தகடு 2, நட்டு 5, மிச்சம் 2 என்று மொத்தம் 28 மில்லிமீட்டர் வெளியே நின்றால் போதும். பட்டைக்குப் பின்னால் நீள்வது 11 மட்டுமே. கண்டென்சருக்கு முன்னால் 31 மில்லிமீட்டர் வெற்றிடம் எஞ்சுகிறது.

இங்கே எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு தவறிலிருந்து என்னைக் காப்பாற்றினார். நட்டு கழலாமலிருக்க மரைப் பூட்டுத் திரவத்தைப் பின்பக்கத்தில் விடப்போனேன். "பிளாஸ்டிக் பக்கத்துல அத விடாதீங்க மேடம், நாலு நாள்ல முடி மாதிரி விரிசல் ஓடும்" என்றார். அவ்வகைத் திரவம் ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கில் வழிந்தால் விரிசல் உண்டாக்கும் என்பது உண்மைதான். எனவே திரவத்தைக் குமிழுக்குள் போகும் மரையில் மட்டும், அதுவும் காரிலிருந்து விலக்கி, சமையலறை மேடையில் வைத்துத் தடவி, ஒரு நாள் முழுதும் காயவிட்டேன். பின்பக்கத்தில் திரவமே இல்லை. உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டு மட்டும்தான்.

தகட்டில் ஒரு பிழை செய்தேன். கையில் கிடைத்த அலுமினியப் பட்டையை வெட்டிப் போட்டுவிட்டேன். ஆடியில் திருவாரூர் வழியாக நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நான்கைந்து முறை போய்வந்த பிறகு பானட்டைத் திறந்து பார்த்தால், நட்டைச் சுற்றி வெள்ளை மாவு போலப் பூத்திருந்தது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். பித்தளைக்கும் அந்த எஃகுக்கும் அவ்வளவு பகை இல்லை. அதனால் 2 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டையே 70 மில்லிமீட்டர் நீளத்தில் லேத் பட்டறையில் வெட்டி, இரண்டு துளையிட்டு வாங்கினேன்.

ரப்பரும் ஒருமுறை மாறியது. முதலில் வைத்தது பழைய சைக்கிள் டியூப். மூன்று வாரத்தில் அன்னத்தின் விளிம்பில் மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு வந்தது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் பித்தளையைக் கறுக்கச் செய்யும். முன்பக்கத்துக்குச் சிலிக்கோன் ஷீட்டை வெட்டிவைத்தேன். பின்பக்கம் யார் கண்ணிலும் படாது, எஃகையும் கறுக்காது என்பதால் அங்கே சைக்கிள் டியூப்பே இருக்கிறது.

இறுக்குவதற்கு 7 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். எவ்வளவு இறுக்குவது என்பதுதான் கேள்வி. ரப்பரின் விளிம்பு தகட்டுக்கு வெளியே சற்றே பிதுங்கியதும் நிறுத்தினேன். அதற்குமேல் ஒரு சுற்று போட்டாலும் பட்டை வளைவது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்கினால்தான் அன்னம் ஒருபக்கம் சாயாமல் படிகிறது. பிறகு பயணப் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசின் கொக்கியைத் துணிப்பட்டையால் கழுத்தில் மாட்டி, பத்துக் கிலோ காட்டும்வரை இழுத்தேன். அசையவில்லை. ஒரு தாளை நுழைக்கப் பார்த்தேன், அதுவும் நுழையவில்லை. நட்டிலிருந்து தகடு வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். நட்டு இம்மி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நட்டைத் தொட வேண்டுமானால் பானட்டைத் திறந்தாக வேண்டும் என்பதால், பழைய பித்தளைக்கு எடைக்கடையில் என்ன விலை என்று தெரிந்தவர்களைப் பற்றிய கவலையும் பாதி தீர்ந்தது.

இந்த அமைப்பில் இதுவரை 1,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் வாய்க்கால் கரைச் சாலைகளும், பெயருக்குத் தார் கண்ட சாலைகளும் கணிசமாக உண்டு. ஐப்பசி அடைமழையில் நான்கு நாள் வெளியிலேயே நின்ற பிறகும் நகப்பூச்சுக் கோடுகள் இரண்டும் உடையவில்லை. இஞ்சின் சூடு காட்டும் முள்ளும் வழக்கமான இடத்திலேயே நிற்கிறது. கழுத்து மடிப்பில் மட்டும் பச்சைக் களிம்பு லேசாகத் தலைகாட்டியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும், ஆனால் அந்தப் புளித்தண்ணீர் குரோமில் வழியக் கூடாது. வரும் சனிக்கிழமை நட்டுகளைக் கழற்றி, அன்னத்தை வீட்டுக்குள் எடுத்துப்போய்த் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பின் நிறமில்லாத லேக்கர் ஒரு பூச்சு அடித்து, புதிய நைலாக் நட்டுகளோடு மாட்ட வேண்டும். ஒருமுறை கழற்றிய நைலாக் நட்டுக்குப் பழைய பிடிப்பு இருக்காது என்று மெக்கானிக் அண்ணன் இரண்டு நட்டுகளைக் கூடுதலாகக் கொடுத்து வைத்திருக்கிறார்.