உருளைக்கிழங்கும் மேட்ஸ் மிக்கெல்சனும்

டென்மார்க் நடிகர் மேட்ஸ் மிக்கெல்சனை நம்மில் பலர் முதலில் பார்த்தது, 2006இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படமான 'கேசினோ ராயல்' வழியாகத்தான். ஒரு கண்ணில் இரத்தம் கசியச் சீட்டாட்ட மேசையில் அமர்ந்திருக்கும் அந்த வில்லனைப் பார்த்த ஹாலிவுட், பிறகு 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' தொடங்கி இண்டியானா ஜோன்ஸ் வரை அவருக்கு அதே ரக வேடங்களையே கொடுத்துக்கொண்டிருந்தது. சம்பளத்துக்கு அவை போதும். அவருடைய நடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் டேனிஷ் மொழிப் படங்களுக்குத்தான் போக வேண்டும்.

1965இல் கோபன்ஹேகனில் பிறந்த மிக்கெல்சன், முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். பிறகு ஏறக்குறைய பத்தாண்டுகள் தொழில்முறை நடனக் கலைஞர். ஆர்ஹுஸ் நகர நாடகப் பள்ளியில் படித்து முடித்தபோது முப்பது வயதாகிவிட்டது. அதே ஆண்டில், 1996இல், 'புஷர்' படத்தில் மொட்டைத்தலைச் சில்லறை ரவுடியாக அறிமுகமானார். 2000இல் தொடங்கிய 'ரைசெஹோல்டெட்' என்ற போலீஸ் தொலைக்காட்சித் தொடர் அவரை டென்மார்க்கின் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அமெரிக்கத் தொடரான 'ஹானிபல்' அதன்பின் பல ஆண்டுகள் கழித்து, 2013இல்தான் வந்தது.

இவ்வளவு தாமதமாக நடிக்க வந்ததே அவருக்கு நன்மையாயிற்று என்பது என் எண்ணம். வசனத்தை நம்புவதற்கு முன்பே உடம்பை நம்பக் கற்றுக்கொண்டவர் அவர். கேன் திரைப்பட விழாவில் 2012ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத்தந்த 'தி ஹண்ட்' படத்தில், ஒரு சிறுமியின் பொய்யான வார்த்தையால் ஊரே ஒதுக்கிவைத்த மழலையர் பள்ளி ஊழியர், கிறிஸ்துமஸ் இரவில் அடிபட்டு வீங்கிய முகத்தோடு தேவாலயத்துக்கு வருகிறார். குழந்தைகள் பாடிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையில் இருக்கும் பழைய நண்பனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அவர் எழுந்து போய் அவனை அடிப்பதற்கு முன்பே அந்தக் கழுத்தின் திருப்பம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 2021இல் ஆஸ்கர் வென்ற 'அனதர் ரவுண்ட்' படத்தின் முடிவில், துறைமுகத்தில் பழைய நடனக்காரர் வெளியே வரும் காட்சியைப் பலரும் புகழ்ந்துவிட்டார்கள். நான் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நீலகிரியில் எங்கள் கேத்திப் பக்கத்து ஆட்களுக்கு நான் சிபாரிசு செய்வது 2023இல் வந்த 'தி பிராமிஸ்ட் லேண்ட்'. 18ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் ஜட்லாண்ட் பகுதித் தரிசுப் புதர்நிலத்தைத் திருத்தி உருளைக்கிழங்கு விளைவிக்கப் புறப்படும் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியின் கதை இது. அவருக்கு மண்ணும் குளிரும் மட்டும் எதிரியல்ல. நிலம் தனக்கே சொந்தம் என்று கொக்கரிக்கும் ஒரு பிரபுவும் எதிரி. விதைக்கிழங்கு வாங்கவே கடன்படும் வீடுகளும், மார்கழி, தை மாதங்களின் உறைபனியில் ஒரே இரவில் செடி கருகிப்போவதும் நீலகிரியில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய சங்கதிகள் அல்ல. என்னோடு படம் பார்த்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், டேனிஷ் ஒரு சொல்லும் தெரியாதவர், மிக்கெல்சன் நிலத்தைக் கொத்தும் இடத்தில் மட்டும் வாய் திறந்தார்: "மண்வெட்டி பிடிச்ச கைதான் தம்பி இது."

அந்தப் படத்துக்காக மிக்கெல்சனுக்கு ஐரோப்பியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதே ஆண்டில்தான் இண்டியானா ஜோன்ஸ் படத்தில் நாஜி விஞ்ஞானியாகவும் வந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு, அவர் ஏன் ஒவ்வொரு முறையும் டென்மார்க்குக்கே திரும்பிப் போகிறார் என்று கேட்கத் தோன்றாது.