மூன்று கொட்டேஷன், ஒரு மொட்டை மாடி

அக்டோபர் 11, 2025, சனி

வீடு தாம்பரம் பக்கம். ஒரு மாடி, மேலே மொட்டை மாடி, சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. மாடியில் சோலார் பேனல் போட கம்பெனிக்காரருக்கு போன் போடும் முன் ஒரு வருடத்து ஈ.பி. பில்லை எடுத்து வைக்க வேண்டும். ஆறு பில்: 610, 640, 900, 820, 720, 630 யூனிட். மொத்தம் 4,320. மே, ஜூன் பில்லை மட்டும் காட்டினால் 5 கிலோவாட் போடச் சொல்வார்கள். அந்த இரண்டு மாத ஏ.சி.க்காக வருடம் முழுக்கக் காசு போடத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட் தரும், நாளுக்கு 4 யூனிட் என்று வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் குறையும், பங்குனி சித்திரையில் ஏறும். 4,320-ஐ 1,400-ஆல் வகுத்தால் 3.1 கிலோவாட். வீட்டு சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்ய கர் மானியமும் 3 கிலோவாட்டோடு நிற்கிறது: முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000-தான். ஆகவே கொட்டேஷன் கேட்கும் மூவரிடமும் ஒரே கேள்வி: 3 கிலோவாட் ஆன்-கிரிட் (ஈ.பி. லைனோடு இணைந்து ஓடுவது), டிசிஆர் பேனல் (முழுக்க உள்நாட்டில் செய்தது), துணி காயப்போட அடியில் இடம் விட்டு உயர்த்திய இரும்பு ஸ்ட்ரக்சர்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாடியை அளந்தாயிற்று. 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ. ஆறு பேனலை மூன்று மூன்றாக இரண்டு வரிசை வைத்தால் 3.4 மீட்டருக்கு 4.6 மீட்டர், அதாவது 170 சதுர அடி. 12 டிகிரி சாய்வில் தெற்கு ஓரம் 7 அடி உயரத்தில் இருந்தால் வடக்கு ஓரம் 10 அடிக்குப் போகும். இதைப் பலர் யோசிப்பதில்லை; 10 அடி உயரத்தில் தண்ணீர் அடித்துத் துடைக்க ஒரு நடைபாதைப் பலகை இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் பேனல் மண் பூசிக் கிடக்கும்.

சிக்கல் தண்ணீர் டேங்க். தென்மேற்கு மூலையில், மாடிப்படி அறையின் மேல் நிற்கிறது. அதன் உச்சி பேனல் மட்டத்தைவிட 8 அடி உசரம். சென்னையில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், நிழல் வடக்கே 6 அடி விழும். அதே நாள் மாலை மூன்றரை மணிக்கு சூரியன் 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். நிழல் வடகிழக்கே 14 அடியைத் தாண்டும். ஆறும் ஒரே தொடரில் கோர்த்தவை என்பதால் ஒரு பேனல் மேல் விழும் நிழல் அந்தப் பேனலோடு நிற்காமல் உற்பத்தியைக் கடிக்கும். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரண்டைக் கடத்தும் பைபாஸ் டையோடு சேதத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. ஸ்ட்ரக்சர் கிழக்கு ஓரத்துக்கு நகர வேண்டும். மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறது. வருகிறவர் அந்தக் கோட்டைக் கேள்வி கேட்கிறாரா என்று பார்க்கலாம்.

அக்டோபர் 15, புதன்

முதல் கொட்டேஷன். ஆள் வரவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்தது. "3 கிலோவாட், 1,85,000, மானியம் 78,000 போக 1,07,000 மட்டுமே."

பேனல் பற்றிய வாசகம்: 540 வாட், 5 எண்ணம். அதாவது 2.7 கிலோவாட். பேனலின் டிசி கரண்டை வீட்டுக்கான ஏ.சி. கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர்தான் 3 கிலோவாட். பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம் கணக்கு. 2.7-க்கு 60,000 கூட்டல் 0.7 பங்கு 18,000, ஆக 72,600. 78,000 இல்லை.

கீழே சின்ன எழுத்தில் "வரி தனி". செப்டம்பர் 22 முதல் சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. சாமானும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 பங்கு சாமான், 30 பங்கு சேவை என்று பிரிப்பதால் மொத்தத்தில் 8.9 சதவீதம் விழும். 1,85,000 என்பது 2,01,465 ஆகிவிட்டது. மானியம் போக 1,28,865. தலைப்பில் போட்ட தொகைக்கு மேல் கிட்டத்தட்ட 22,000.

இன்னொன்று: "மாதம் 400 யூனிட் உறுதி." 2.7 கிலோவாட்டுக்கு அது நாளுக்குக் கிலோவாட்டுக்கு 5 யூனிட் கணக்கு. ஏப்ரலில் சில நாள் வரும். நவம்பரில் வராது.

அக்டோபர் 18, சனி

இரண்டாவது ஆள் நேரில் வந்தார், ஏணியும் கொண்டு வந்தார். டேங்க் நிழலைத் தானாகவே சொன்னார். மெயின் போர்டைத் திறந்து மெயின் சுவிட்ச், கேபிள் அளவு, பழைய எர்த் பிட் (எர்த் கம்பி இறங்கும் குழி) எல்லாம் பார்த்தார். மாடியில் செல்போன் காம்பஸ் வைத்தபோது இரும்புக் கைப்பிடியிலிருந்து தள்ளி நின்றார். கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் தெற்கு எங்கேயோ காட்டும்.

6 எண்ணம் 540 வாட் டிசிஆர், 3.24 கிலோவாட். வரி உட்பட 2,05,000. ஒரு வாட்டுக்கு 63 ரூபாய் 30 காசு. முதல் கொட்டேஷனை இதே கணக்கில் போட்டால் 74 ரூபாய் 60 காசு. சல்லிசாகத் தெரிந்ததுதான் இப்போது விலை கூடியது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்ட்ரக்சர் என்ற இடத்தில் வெறும் "ஜி.ஐ.", அதாவது துத்தநாக முலாம் பூசிய இரும்பு. எர்த்திங் "2 பிட்". இன்வெர்ட்டரிலிருந்து மீட்டருக்குப் போகும் ஏ.சி. கேபிளின் அளவே இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. யாரும் போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மூன்றாவது. அச்சடித்த எட்டுப் பக்கம், படங்கள் அழகு. 575 வாட் டாப்கான் (புதுரக செல்) பேனல் 6, மொத்தம் 3.45 கிலோவாட். 2,29,876. வரி விகிதத்தைப் பார்த்தால் 13.8 சதவீதம், பழைய கணக்கு. டெம்ப்ளேட்டை மாற்ற மறந்திருக்கிறார்கள், அல்லது யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விட்டிருக்கிறார்கள். அடிப்படை விலை 2,02,000-க்கு 8.9 சதவீதம் போட்டால் 2,19,978. ஒரே ஒரு போனில் 9,898 ரூபாய் இறங்கியது.

பேனலும் சாமானும் மூன்றிலும் இதுதான் உசத்தி. ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த முலாம்) 80 மைக்ரான் என்று எழுதியே இருக்கிறது. துருப்பிடிக்காத எஸ்.எஸ். 304 போல்ட். மூன்று எர்த் பிட்: பேனல் சட்டத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டர் ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. ஆனால் தளத்தில் துளை போட மாட்டார்கள். ஒரு அடிக்கு ஒரு அடி சிமென்ட் கட்டை ஆறு, அதன் மேல் கால். "லீக் பயமே இல்லை" என்கிறார்கள். அதை நாளை கணக்குப் போட வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

காற்றுக் கணக்கு. ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பாகத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் வரும்: 0.6 × 50 × 50 = 1,500 நியூட்டன், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. கீழே திறந்த உயர ஸ்ட்ரக்சரில் காற்று அடியில் புகுந்து பேனலை மேலே தூக்கும். ஆறு பேனலின் பரப்பு 15.5 சதுர மீட்டர். வடிவத்துக்கும் சாய்வுக்கும் சேர்க்கும் கெழு எல்லாம் விட்டு நேரடியாகப் பெருக்கினாலே 2,300 கிலோ தூக்குவிசை. பேனலும் இரும்பும் சேர்ந்து 350 கிலோ இருக்கும். மீதி 1,950 கிலோவை ஆறு கால் பிடித்து நிற்க வேண்டும், காலுக்கு 325 கிலோ.

ஒரு கன அடி கான்கிரீட்டின் எடை 68 கிலோ.

மூன்றாவது கம்பெனி கட்டையைப் பெரிதாக்கித் தருகிறோம் என்றது. 325 கிலோ கட்டை ஆறு என்றால் இரண்டு டன் பாரம் வருடம் முழுக்கத் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா அடித்த ஊர் இது. கட்டையை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

துளை போட்டால் எப்படிப் போடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. மொட்டை மாடியில் மேலே கூலிங் டைல்ஸ், அதற்கடியில் மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அதற்கடியில்தான் கான்கிரீட். டைல்ஸ் மேல் பேஸ் பிளேட்டை வைத்து 4 அங்குல எக்ஸ்பான்ஷன் போல்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள். அந்த போல்ட் ஜல்லியைத்தான் பிடித்திருக்கும், இழுத்தால் முட்டைக்கோஸ் மாதிரி வரும். ஜல்லியை வெட்டி எடுத்து, கான்கிரீட் தெரிந்தபின் கெமிக்கல் ஆங்கர் (பசையில் பதிக்கும் போல்ட்) போட வேண்டும்: துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, தூசி இல்லாமல் ஆனபின் பசை. தூசி இருந்தால் பசை தூசியோடு ஒட்டும், கான்கிரீட்டோடு ஒட்டாது. 5 அங்குல ஸ்லாபில் 90 மில்லிமீட்டருக்கு மேல் துளைத்தால் அடியில் சீலிங் பூச்சு பெயரும். முடிந்தவரை கால் பீம் போகும் கோட்டின் மேல் வரட்டும், அங்கே ஆழம் கிடைக்கும். பிறகு பேஸ் பிளேட்டைச் சுற்றி பெடஸ்டல் (சின்ன மேடை) கட்டி, நான்கு பக்கமும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. மழை மாதத்தில் வெட்டிய ஜல்லியை ஒரு இரவுகூடத் திறந்து போடக் கூடாது.

அக்டோபர் 25, சனி

இரண்டாவது ஆளுக்கு எழுதிக் கேட்ட திருத்தங்கள். ஸ்ட்ரக்சர் ஹாட் டிப், 80 மைக்ரான், கால் குழாய் 2 மில்லிமீட்டர் தடிமன். வெறும் "ஜி.ஐ." என்றால் பெரும்பாலும் முன்பே முலாம் பூசிய தகட்டுக் குழாய், வெல்டிங் வைத்த இடத்தில் முலாம் எரிந்துபோய், சில்வர் பெயின்ட் அடித்துத் தருவார்கள். கடல் காற்றுக்கு இரண்டு மழை தாங்காது.

ஏ.சி. கேபிள் 4 சதுர மில்லிமீட்டர் காப்பர். இது சின்ன விஷயமாகத் தெரியும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 25 மீட்டர், 13 ஆம்பியர். 2.5-இல் போட்டால் ஏறத்தாழ 5 வோல்ட் கூடும், 4-இல் 3 வோல்ட். மதியம் தெருவில் யாரும் ஏ.சி. போடாதபோது லைன் ஏற்கெனவே 248, 250 என்று நிற்கும். இன்வெர்ட்டர் கரண்டை வெளியே தள்ள அதைவிட உயர வேண்டும். வரம்பைத் தாண்டியதும் ஓவர் வோல்டேஜ் என்று தானே நின்றுவிடும். நல்ல வெயிலில் தினமும் இரண்டு மணி நேரம் காணாமல் போகும், குற்றம் பேனல் மேல் விழும்.

டிசி பக்கம் 6 பேனல் தொடர் என்பதால் 249 வோல்ட் ஓடும், காலிச் சுற்றில் 297. கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் டிசிக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பல டிசி எம்சிபிக்களுக்கு பிளஸ் மைனஸ் பக்கம் உண்டு. மாற்றி இணைத்தால் சாதாரண நாளில் வேலை செய்யும், லோடில் இறக்கும்போது தீப்பொறி அணையாமல் பெட்டிக்குள் எரியும். பேனல் கேபிளை இணைக்கும் எம்சி4 கனெக்டர் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி. வேறு வேறு மாட்டினால் கிளிக் சத்தம் கேட்கும், உள்ளே தொடுகை சரியாக இராது. சூடாகி உருகிய பிறகுதான் தெரியும்.

மூன்றாவதாக ஒரு எர்த் பிட். இடிதாங்கிப் பட்டை பேனல் கேபிளோடு ஒட்டிக்கொண்டு இறங்கக் கூடாது, வேறு சுவர் வழியாகப் போகட்டும்.

நவம்பர் 1, சனி

காகித வேலை. "மேக் இன் இந்தியா பேனல்" என்று எழுதியிருப்பதும் டிசிஆரும் ஒன்றல்ல. செல்லும் பேனலும் இரண்டுமே இங்கே செய்திருந்தால்தான் டிசிஆர். இறக்குமதி செல் வைத்து இங்கே ஒட்டியதற்கு மானியம் கிடையாது, விலையும் குறைவு. இரண்டின் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் பலர் விளையாடுகிறார்கள். கொட்டேஷனில் மாடல் எண் கேட்டு வாங்கியாயிற்று.

ஈ.பி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம் போகும், மானியம் விழும் வங்கிக் கணக்கும் அவருடையதாக இருக்க வேண்டும். காலமானவர் பெயரிலேயே சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் பெயர் மாற்றம். இங்கே பெயர் சரி.

மானியம் வேலை முடிந்து நெட் மீட்டர் (உள்ளே வரும், வெளியே போகும் கரண்ட் இரண்டையும் அளப்பது) வைத்த பிறகு வரும். கம்பெனிக்கு முழுத் தொகை முதலில் போய்ச் சேர்ந்திருக்கும். பணம் கட்டும் வரிசை: முன்பணம் 30, சாமான் இறங்கியதும் 60, நெட் மீட்டர் ஓடியதும் 10 சதவீதம். சாமான் இறங்கும் முன்பே 90 சதவீதத்தைக் கேட்டவர் முதல் கொட்டேஷன்காரர்.

கரண்ட் போனால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் நிற்கும், பட்டப்பகலிலும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி. மூன்று கொட்டேஷனிலும் இது எங்கேயும் எழுதியில்லை.

நவம்பர் 3, திங்கள்

இரண்டாவது ஆளின் திருத்திய கொட்டேஷன்: 2,14,000. மானியம் போக 1,36,000. வாட்டுக்கு 66 ரூபாய். மூன்றாவது மானியம் போக 1,41,978-இல் நிற்கிறது, 210 வாட் கூடுதல். ஆனால் இந்த வீட்டின் 4,320 யூனிட்டுக்கு 3.24 கிலோவாட்டே போதும், கட்டைதான் உறுத்துகிறது. ஆர்டர் இரண்டாவதற்கு.

சாமான் இறங்கும் அன்று செய்ய வேண்டியது: ஆறு பேனலின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் டிசிஆர் இணையதளத்தில் சரிபார்ப்பது, மேலே ஏற்றும் முன்பே. ஏற்றிய பிறகு ஸ்டிக்கர் அடியில் போய்விடும். முலாம் தடிமன் அளக்கும் கோட்டிங் மீட்டரால் எல்லாக் காலிலும் மைக்ரான் பார்ப்பது, வெல்டிங் ஓரத்தில் தனியாக.

எர்த் பிட் 5 ஓம்முக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இப்போது மழை, மண் ஊறிக் கிடக்கிறது, எந்தக் குழியும் 2 ஓம் காட்டும். ஏப்ரலில் காய்ந்த மண்ணில் மறுபடி அளந்து கொடுக்க வேண்டும் என்ற வரியைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கியாயிற்று.