பகுப்பு மேசையும் இரவல் பிரிவும்

கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, அந்த வேலையின் தனிமையைத் தாங்க முடியாமல் தமது ஆசிரியப் பணியைத் திரும்பக் கேட்டார் என்பது நூலகத் துறையில் பலரும் அறிந்த செய்தி. இலண்டனுக்குச் சென்று நூலகவியல் படித்து வரும்படியும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் கல்லூரிக்கே திரும்பிவிடலாம் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. அங்கே கிராய்டன் போன்ற ஊர்களின் நூலகங்களுக்கு எல்லாத் தரப்பு மக்களும் வந்துபோவதைக் கண்டு திரும்பியவர், அதே பதவியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தார். மனிதர்கள் வந்ததும் வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

நானோ அவர் விட்டு விலக நினைத்த அந்தத் தனிமையை நாடியே இந்த வேலைக்கு வந்தவன். நான்கு பேர் கூடும் இடத்தில் நாக்கு எழாதவன் என்பதால், புத்தகங்களுக்கு நடுவே ஒதுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பொது நூலகத்தின் நடைமுறை வேறு. கதவு திறந்ததும் நாளிதழ் தேடி வரும் ஓய்வூதியர்கள், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்காக நாள் முழுவதும் இடம் பிடித்திருக்கும் இளைஞர்கள், பள்ளி விட்டதும் கதைப் புத்தகம் கேட்டு நிற்கும் பிள்ளைகள் என்று, இரவல் பிரிவில் உட்கார்ந்தவருக்கு வாய் ஓய்வதில்லை.

என்னைக் களைப்படையச் செய்வது எது என்று புரிய நெடுங்காலம் ஆயிற்று. பட்டா மாறுதல் தொடர்பான சட்ட நூல் கேட்டு ஒருவர் வந்தால், அவரோடு அரை மணி நேரம் அலமாரி அலமாரியாக நடந்து பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு தேவை இருக்கிறது, நூல் கிடைத்ததும் பேச்சு தானாகவே முடிந்துவிடுகிறது. பொருளின்றி நீளும் தேநீர் நேர அரட்டையோ சிறிது நேரத்திலேயே என்னைச் சோர்வடையச் செய்துவிடும். அதைவிட மோசமானது இடையூறு. கோயில் சிற்பங்களைப் பற்றிய நூல் ஒன்றை, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூவி (Dewey) தசமப் பகுப்பு முறையில் சிற்பக்கலைக்குரிய 730இல் வைப்பதா, இந்து சமயத்துக்குரிய 294.5இல் வைப்பதா, தமிழக வரலாற்றுக்குரிய 954.82இல் வைப்பதா என்று முடிவு செய்ய, முன்னுரையையும் பொருளடக்கத்தையும் நிதானமாகப் படித்தாக வேண்டும். நடுவில் ஒருவர் வந்து விடுப்புக் கணக்கு விசாரித்துவிட்டுப் போனால், மறுபடியும் முதலிலிருந்துதான். பொருந்தாத எண் பெற்ற நூல், அலமாரியில் இருந்தும் தேடுபவருக்கு இல்லாததாகிவிடுகிறது.

இதை மேலதிகாரியிடம் என் குணத்தைப் பற்றிய விளக்கமாகச் சொல்லாமல், வேலையின் தேவையாகவே எடுத்துச் சொன்னேன். முற்பகலில் பகுப்பு வேலை, பிற்பகலில் இரவல் பிரிவு என்று ஏற்பாடாயிற்று. எனக்குத் தலைக்கனம் என்று சிலர் பேசியது காதில் விழாமல் இல்லை. ஆனால் பிற்பகலில் நான் சிடுசிடுப்பின்றிப் பதில் சொல்வதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. தனிமையை நாடும் உள்முகம், பிறரோடு கலப்பதை நாடும் வெளிமுகம் என்ற பிரிவினையை 1921இல் பரவலாக அறியச் செய்த உளவியலாளர் யுங்கும், நோயாளிகளைச் சந்தித்த வீட்டிலிருந்து விலகி, சூரிச் ஏரிக்கரையில் தனித்திருக்கவென்று 1923 முதல் ஒரு கல் வீட்டைக் கட்டிக்கொண்டார். கல் வீட்டுக்கு வழியில்லாதவர்களுக்கு முற்பகல் போதும்.

தனிமை மிகுந்தாலும் கெடுதிதான். நூல் இருப்புச் சரிபார்ப்புக்காக வாசகர் முகமே பாராமல் உள்ளறையில் அடைந்து கிடக்கும் நாள்களில், யார் எந்த நூலை விரும்பிக் கேட்கிறார்கள் என்பது மறந்துபோய், என் ரசனைக்கேற்ற நூல்களையே கொள்முதல் பட்டியலில் சேர்க்கத் தொடங்கிவிடுகிறேன். அதனால் வாரத்தில் ஓரிரு நாள் தேநீருக்கும் போகிறேன். அங்கே பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பதோடு சரி. என்னோடு பணிபுரியும் அம்மையார் ஒருவருக்கு உள்ளறையில் தனியாக உட்கார்ந்தால் மூச்சு முட்டும் என்பதால், என் பங்குக்குரிய பள்ளி நிகழ்ச்சிகளை அவர் எடுத்துக்கொள்ள, அவருடைய பகுப்பு வேலையில் பாதியை நான் செய்கிறேன். நூலக வார விழாவில் வரவேற்புரை ஆற்றுவதும் அவர்தான். இருக்கைகளை வரிசைப்படுத்தும் பொறுப்பு என்னுடையது.