காசிமேட்டில் சிவப்பு தெரியாத ஃபிலிம்

மசூலாப் படகும் (பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அலைப் படகு) கட்டுமரமும் நிற்கிற பழைய மதராஸ் படங்கள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. இன்றைய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை அதே தோற்றத்தில் எடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன். கேமரா யாஷிகா மேட் 124ஜி. 120 என்கிற அகல ஃபிலிம் ரோல் போட்டால் சதுரமாக 12 படம் விழும்.

முதலில் எச்பி5 என்கிற கருப்பு வெள்ளை ஃபிலிம், லென்ஸ் முன்னால் மஞ்சள் ஃபில்டர். படங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் வானம் கருத்து, மேகம் திரண்டு, எழுபதுகளின் வாரப் பத்திரிகைப் படம் மாதிரி இருந்தன. செபியா ஏற்றிப் பார் என்றார் ஒரு நண்பர். பழுப்பு ஏறியது, வயசு ஏறவில்லை.

விஷயம் கேமராவில் இல்லை, ஃபிலிம் எந்த நிறத்தைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலிமுக்குப் பதில் இருந்த கண்ணாடித் தகடுகளுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். 1873-ல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துப் பச்சையையும் உணர வைக்க வழி கண்டார். சிவப்பு அப்புறமும் வெகுகாலம் எட்டவில்லை. அந்தப் படங்களில் வானம் மேகமே இல்லாமல் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். கட்டுமரத்தில் நிற்பவர்கள் அத்தனை கருப்பாகத் தெரிவதற்கும் வெயில் மட்டும் காரணமில்லை. தோலில் பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்பு அதிகம். தகடு அதைப் பார்க்கவேயில்லை. நிக்கோலஸ், வீலே அண்ட் கிளைன் போன்ற மதராஸ் ஸ்டுடியோக்களின் படங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி என்று இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் வாங்கினேன். நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாத ஃபிலிம். ஒளியை உணரும் வேகம் (ஐஎஸ்ஓ) 80. 2019-லிருந்து 120 ரோலாகவும் வருகிறது. விலைதான் கையைக் கடிக்கிறது.

போனது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மற்ற நாட்களில் ஏலம் நடக்கும் நேரத்தில் அங்கே ட்ரைபாடை விரித்தால் ஐஸ் வண்டி தள்ளுபவர் திட்டாமல் விடமாட்டார், அவர் பக்கம்தான் நியாயமும். தடைக்காலத்தில் பெயின்ட் அடிப்பவர்கள், வலை சரிசெய்பவர்கள், அவ்வளவுதான். எல்லாருக்கும் பேச நேரம் இருக்கிறது. இந்தக் கேமராவை மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், இடம் வலமாகத் தெரியும். வலை முடிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வடக்கால போற ஃபைபர் போட் இதுல தெக்கால போவுது?" என்றார். "கண்ணாடி அப்படித்தான் காட்டும்ணே, படத்துல சரியா வந்துடும்" என்றேன். நம்பினதாகத் தெரியவில்லை.

விடியும் நேரத்தில் லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி, ஷட்டரை ஒரு வினாடி திறந்து வைத்தேன். தகட்டில் மருந்து பூசி ஈரம் காயுமுன் படமெடுத்த ஈரத் தகட்டுக் காலத்தில் பெரும்பாலும் சில வினாடிகள் தேவைப்பட்டதால் அசையும் தண்ணீரெல்லாம் புகையாகிவிடும்; எனக்கு வேண்டியதும் அதுதான். கரையில் கட்டிய கயிற்றின் முறுக்குகூடத் துல்லியமாக விழுந்தது. அந்தக் கயிறு பிடித்திருந்த படகின் கொடிக்கம்பமோ இரண்டாகத் தெரிகிறது.

கழுவும் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிவப்பு தெரியாத ஃபிலிம் என்பதால் குளியலறையில் அடர் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணால் பார்த்தே கழுவலாம். மே மாதத்துச் சென்னைக் குழாய்த் தண்ணீரில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்தைக் கலந்தால் நொடியில் எல்லாம் கருத்துவிடும், அதனால் மருந்துத் தட்டை, ஐஸ் போட்ட டப்பில் வைத்து 24 டிகிரிக்கு இறக்கினேன். ரோலின் இரு முனையையும் பிடித்து மேலும் கீழுமாக ஆட்ட ஆட்ட, முதலில் வானம் கருக்கிறது (நெகட்டிவில் வெளிச்சம்தான் கருப்பு), பிறகு தண்ணீர். படகும் ஆளும் கடைசியில்தான்.

பிரிண்டில் வானம் சுத்த வெள்ளை. பச்சை அடித்த படகின் உடல் வெளிறியது, சிவப்புப் பட்டை கருப்பானது. ஒரு படகில் பறந்த கருப்பு சிவப்புக் கொடி முழுக்கக் கருப்பாகிவிட்டது! பெரியவரின் படத்தில் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் ஆழமாக விழுந்திருக்கிறது. ஆளுக்குப் பத்து வயசு கூடிவிட்டது, அவரிடம் காட்டக் கொஞ்சம் தயக்கம்தான். டீசல் பீப்பாயும் பிளாஸ்டிக் கூடையும் சட்டகத்துக்குள் இருந்தும் படம் பழசாகவே தெரிகிறது.

அடுத்து எச்பி5-க்கு முன்னால் 80ஏ நீல ஃபில்டர் போட்டுப் பார்க்கப் போகிறேன். சிவப்பை முழுசாக அடைக்காது, குறைக்கும். இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால் பங்கு வெளிச்சம் போகும், 400 வேக ஃபிலிம் தாங்கும். ஆர்த்தோ ரோலை ஆட்களின் முகப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.