வங்கி லாபத்தை ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கிறவர்களுக்கு, பட்டவள் சொல்கிறேன்

கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்வந்து எம்.காம் முடித்தேன். சர்வதேசக் கணக்கியல் தரநிலைகள் வந்தபின் வங்கிகளின் லாபத்தை முன்கூட்டிக் கணிப்பது எளிதாகிறதா என்பதுதான் என் தலைப்பு. நம் நாட்டு வங்கிகள் பத்தின் ஆண்டறிக்கைகளை இறக்கி, இரண்டு மாதம் எக்செல்லில் தட்டிய பிறகு கைடு கேட்டார்: "ஏம்மா, இதுல எந்த பேங்க் மாறியிருக்கு?" ஒன்றுமே மாறவில்லை! 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி இண்ட் ஏஎஸ்-ஐ (அந்தச் சர்வதேசத் தரநிலைகளின் இந்திய வடிவம்) வங்கிகளுக்குத் தள்ளிவைத்துவிட்டது. 500 கோடிக்கு மேல் நிகர மதிப்புள்ள வங்கிசாரா நிதி நிறுவனங்கள் 2018 ஏப்ரலிலேயே மாறிவிட்டன, அவற்றை எடுங்கள். இல்லையென்றால் பங்குச்சந்தையில் உள்ள ஐரோப்பிய வங்கிகள், அங்கே 2005 முதலே இந்தத் தரநிலைகள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் சாய்ந்ததை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. முந்தின நாள்வரை ஒழுங்காகத் தவணை கட்டிய ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 39 கணக்கில், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தாலும் அவர் கடனுக்கு ஒதுக்கீடு (பணம் வராமல் போகலாம் என்று லாபத்திலிருந்து முன்பே கழித்துவைக்கும் தொகை) எழுத முடியாது, இழப்பு நடந்ததற்கு ஆதாரம் வேண்டும். அதற்குப் பதிலாக 2018-இல் அமலுக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 9 கூண்டையும் பார்க்கச் சொல்கிறது. கடன் கொடுத்ததுமே அடுத்த 12 மாதத்துக்கான எதிர்பார்ப்பு இழப்பை எழுத வேண்டும். அபாயம் கணிசமாகக் கூடினால் (30 நாள் நிலுவை ஓர் அடையாளம்) கடன் முடியும்வரைக்குமான இழப்பை.

இங்கேதான் சிக்கல். ஒரு லட்சம் கடன், பணம் வராமல் போனால் பாதி நஷ்டம் என்று வையுங்கள். ஓராண்டில் தவற வாய்ப்பு 2% என்றால் ஒதுக்கீடு 1,000 ரூபாய். அபாயம் கூடிவிட்டது என்று இரண்டாம் நிலைக்குத் தள்ளியதும் முழுக் காலத்துக்கு 20% என்றால் 10,000. ஒரு தவணைகூடத் தவறாமலேயே 9,000 ரூபாய் லாபம் போய்விடலாம். இழப்பு முன்கூட்டித் தெரிகிறது என்பது உண்மை, ஆனால் லாபம் குதிக்கிறது, அந்த 20%-ஐ மதிப்பிடுவதும் அதே வங்கிதான்.

வைவாவில் நான் மாட்டியது வேறு இடத்தில். லாபம் ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தால் கணிக்கக்கூடியது என்று எழுதிவிட்டேன். நல்ல வருடத்தில் கூடுதலாக ஒதுக்கி, கெட்ட வருடத்தில் அதை எடுத்துவிட்டால் கோடு நேராகத்தான் போகும், இருப்பு தீர்ந்த வருடம் விழும். ஆகவே இந்த ஆண்டு லாபத்தை வைத்து அடுத்த ஆண்டு லாபத்தைக் கணித்து, எவ்வளவு பிசகுகிறது என்று அளந்து பாருங்கள். கூடவே ஒதுக்கீட்டுக்கு முந்தைய லாபத்துக்கும் தனியாக ஒருமுறை போட்டுப் பாருங்கள், பிசகு எங்கிருந்து வருகிறது என்று அதில் தெரியும்.